எந்த ஆண்டுக்குத் திருப்புவது? வன்னியில் ஓடிய ஒரு எம்.டி. 90 பற்றிய நிகழ்வு ஆய்வு

பழைய மோட்டார் சைக்கிளைத் திருத்தக் கொண்டுவருபவர்கள் முதலில் சொல்வது "பழையபடி ஆக்கித் தாங்கோ" என்பதுதான். தொழிற்சாலையை விட்டு வந்த கோலத்திலேயே முதுமை அடைந்த வண்டி என்றால் அந்த ஒரு சொல்லை வைத்தே வேலையைத் தொடங்கிவிடலாம். வன்னியில் ஓடிய வண்டிக்கு அது போதாது. இங்கே ஒரே வண்டிக்கு நான்கைந்து "பழையபடி" இருக்கும். அதில் எதைக் கேட்கிறார்கள் என்று கேட்டவருக்கே பெரும்பாலும் தெரிந்திருக்காது. பெயின்றை உரிக்கும் முன்னர், வெல்டிங்கை வெட்டும் முன்னர், எந்த ஆண்டுக்கு வண்டியைத் திருப்புகிறோம் என்று முடிவு செய்துவிட வேண்டும் என்பது என் நிலைப்பாடு. கிளிநொச்சிப் பக்கத்தில் எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு ஹொண்டா எம்.டி. 90 இல் அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதை இங்கே எழுதுகிறேன். உரிமையாளர் குடும்பத்தின் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டேன்.

வண்டி

எம்.டி. 90 ஐ வடக்கில் யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இளையவர்களுக்காக மட்டும் சில வரி. 1958 இல் ஹொண்டா வெளியிட்ட சூப்பர் கப் குடும்பத்தில் ஜப்பானியத் தபால் சேவைக்கென்று செய்யப்பட்ட கிளை இது. சிவப்பு நிறம், 14 அங்குலச் சில்லுகள், முன்னுக்குக் கடிதப் பைக்கான கரியர், பின்னுக்குப் பெட்டி வைக்கும் கரியர். மூன்று கியர். மையவிலக்குக் கிளச் என்பதால் இடது கைக்குக் கிளச் பிடிக்கும் வேலை கிடையாது. அங்கே தபால் சுமந்து முடித்தவை இங்கே பாவித்த வண்டிகளாக வந்து இறங்கின. மணலிலும் சேற்றிலும் போகும், சுமை சுமக்கும், எதையும் தாங்கும் என்று பெயர் எடுத்தன.

இந்த வண்டியை உரிமையாளரின் கணவர் யாழ்ப்பாணத்தில் வாங்கினார். அவர் வாங்கும்போதே யாரோ சாம்பல் நிறம் அடித்திருந்தார்களாம். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு வெளியேறி, பிறகு கிளாலியில் வள்ளத்தில் ஏறி வன்னிக்கு வந்தது. விசுவமடு, தர்மபுரம் பக்கக் கடைகளுக்குப் பாண் போட்டது. அறுவடை காலத்தில் நெல் மூடை ஏற்றியது. 2009 இல் முள்ளிவாய்க்கால் பக்கம் கைவிடப்பட்டது. கணவர் அந்த ஆண்டு இறந்துவிட்டார். மனைவி பிள்ளையையும் ஒரு கடைப் பையையும் கொண்டு மெனிக்பாம் அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார். காணி உறுதி, பிறப்புப் பத்திரங்கள் ஆகியவற்றோடு வண்டியின் பதிவுப் புத்தகமும் அந்தப் பைக்குள் இருந்தது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு, குவித்துக் கிடந்த வண்டிகளுக்குள் தேடி, புத்தகத்தைக் காட்டி எடுத்து வந்தார்கள். அதன் பிறகு அது வீட்டுப் பத்தியில்தான் நின்றது. இப்போது மகனுக்கு இருபது வயது கடந்துவிட்டது. அவர்தான் கொண்டு வந்தார்.

வண்டியில் செய்யப்பட்டிருந்தவை

வன்னிக்குள் பெற்றோல் வரத் தடை இருந்த காலம் 1990 இல் தொடங்கி 2002 சமாதான காலம் வரை நீண்டது. அந்த ஆண்டுகளில் இங்கே வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. இதைக் கேள்விப்பட்டவர்கள் பலர், உள்ளே என்ன செய்தார்கள் என்று பார்த்தவர்கள் குறைவு. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது. பெற்றோல் கைச்சூட்டிலேயே பறந்துவிடும், மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்கவே 150 பாகை செல்சியஸ் அளவு வேண்டும். எனவே பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, இயந்திரம் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். இந்த வண்டியில் அதற்கான ஏற்பாடு அப்படியே இருந்தது. கால் மறைப்புத் தகட்டின் உட்பக்கம் ஒரு சிறிய பிளாஸ்ரிக் போத்தல். கழுத்தைச் சுற்றிக் கம்பி முறுக்கி, தகட்டில் துளை போட்டுக் கட்டியிருந்தது. போத்தலின் அடியிலிருந்து காபரேற்றருக்கு ஒரு சேலைன் ரியூப். ஆஸ்பத்திரியில் சொட்டைக் கூட்டிக் குறைக்கும் அந்த உருளைப் பூட்டுத்தான் பெற்றோல் பூட்டு. ரியூப் மஞ்சளாகிக் குச்சி மாதிரி விறைத்திருந்தது. பூட்டின் சில்லு மட்டும் இன்னும் உருண்டது. ஒரு கரண்டி பெற்றோல் விட்டு உதைத்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, பூட்டை மூடிப் பெரிய தாங்கியின் மண்ணெண்ணெயைத் திறப்பார்கள்.

அடுத்தது தட்டுதல். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் மிகக் குறைவு. பெற்றோலுக்குச் செய்த அமுக்கத்தில் அதை எரித்தால் நேரத்துக்கு முன்னமே வெடித்துப் பிஸ்ரனைத் தின்னும். அமுக்கத்தைக் குறைக்க சிலிண்டருக்குக் கீழே தடித்த பக்கிங்கும், மேலே செம்புத் தகட்டில் வெட்டிய இன்னொரு கஸ்கற்றும் வைத்திருந்தார்கள். அந்தச் செம்பு கஸ்கற்றைக் கையில் எடுத்தபோது எனக்கு வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கத் தோன்றியது. கத்தரிக்கோல் தடம் ஒரு இடத்திலும் இல்லை, விளிம்பு முழுக்க அரத்தால் இழைத்தது. செய்தவர் யார் என்று குடும்பத்துக்கும் தெரியாது.

ஆனால் கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு விலை இருந்தது. இந்த இயந்திரத்தில் வால்வுகளைத் திறந்து மூடும் கம்சாவ்ற் மேலே தலைக்குள் இருக்கிறது, கீழிருந்து செயின் அதைச் சுழற்றுகிறது. தலையை உயர்த்தினால் செயின் ஓட வேண்டிய தூரமும் கூடும். வால்வுகள் திறக்கும் நேரம் சற்றுப் பின்தள்ளிப் போகும், இழுவை குறையும். காபரேற்றரில் எரிபொருள் வரும் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெற்றையும் துளைத்துப் பெருப்பித்திருந்தார்கள். மண்ணெண்ணெய்க்கு அது சரி. 2002 க்குப் பிறகு வண்டி பெற்றோலுக்குத் திரும்பியபோது யாரும் ஜெற்றை மாற்றவில்லை. பிளக் கரிப்பானை மாதிரிக் கறுத்துக் கிடந்ததற்கு அதுதான் காரணம்.

மற்ற மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். பின் கரியர் கட்டடக் கம்பியில் செய்து நேரே உடம்பில் வெல்டிங் பண்ணியது. பின் சொக்குகள் (அதிர்ச்சி தாங்கிகள்) வேறு ஏதோ பெரிய வண்டியுடையவை. ஹெட்லைற் கண்ணாடியின் மேற்பாதிக்குக் கறுப்பு அடித்திருந்தது, விமானத்துக்குத் தெரியாமல் இருக்க. இயந்திரமும் இடையில் ஒரு தடவை மாறியிருக்கிறது. உடம்பில் உள்ள செசி இலக்கம் புத்தகத்தோடு ஒத்துப்போனது, இயந்திர இலக்கம் ஒத்துப்போகவில்லை.

சோதித்ததில் தெரிந்தது

அமுக்கமானியில் 80 பி.எஸ்.ஐ. இந்த வகை இயந்திரம் நல்ல நிலையில் இருந்தால் நான் 150 அளவில் எதிர்பார்ப்பேன். குறைந்தது எவ்வளவு தேய்வால், எவ்வளவு அந்த இரட்டைக் கஸ்கற்றால் என்று பிரித்தறியத் தலையைக் கழற்றத்தான் வேண்டியிருந்தது. இரண்டும்தான். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். கீழே இருப்பது இயந்திரம், கியர், கிளச் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே எண்ணெய், ஒரு லீற்றரும் வராது. அது நீர்த்தால் மூன்றும் சேர்ந்தே தேயும். வலைச் சல்லடையில் தார் மாதிரி ஒரு கட்டி இருந்தது.

உடம்புதான் கவலையைத் தந்தது. இந்த வண்டிகளுக்குக் குழாய்ச் சட்டம் கிடையாது. அழுத்தி வளைத்த தகட்டுக் கூடுதான் சட்டம், பின் மட்காட்டும் அதே கூட்டின் தொடர்ச்சி. கம்பிக் கரியரை அந்த மெல்லிய தகட்டில் வெல்டிங் பண்ணி, மேலே நெல் மூடை ஏற்றி, கிரவல் ரோட்டில் ஓடினால் என்ன நடக்குமோ அது நடந்திருந்தது. வெல்டிங் விளிம்பிலிருந்து இரண்டு பக்கமும் வெடிப்பு. வலப்பக்க வெடிப்பு ஏறக்குறைய ஒரு விரல் நீளம்.

அதே மட்காட்டில், வெடிப்புக்குச் சற்றுக் கீழே, ஒரு ரூபாய்க் குத்தி அளவில் ஒரு துளை. விளிம்பு உள்நோக்கி மடிந்திருந்தது. ஷெல் துண்டு.

பெயின்றைப் படிப்பது மலிவான சோதனை, ஆனால் பலரும் செய்வதில்லை. மறைவான ஒரு இடத்தில், ஈரமான எமரித் தாளால் மெதுவாக வட்டமாகத் தேய்த்தால் அடுக்குகள் மர வளையம் போல வெளியே வரும். இங்கே அடியில் ஜப்பான் சிவப்பு. அதற்கு மேல் சாம்பல். அதற்கு மேல் தூரிகையால் அப்பிய கரும்பச்சை, மரங்களுக்குள் விட்டால் தெரியாத பச்சை. எல்லாவற்றுக்கும் மேல் நீலம். நீலம் மட்டும் பிரைமர் போட்டு, பெயின்ற் தெளிப்புத் துப்பாக்கியால் அடித்து, மேலே லேக்கர் பூசியது. யாரோ காசு செலவழித்து, ஆசையாகச் செய்திருக்கிறார்கள். அப்போதே எனக்கு ஒரு ஊகம் வந்தது, ஆனால் சொல்லவில்லை.

முன்வைக்கப்பட்ட யோசனைகள்

மகனுக்குச் சிவப்பு வேண்டும். தபால் வண்டியாகவே ஆக்கி, முன் கரியர் தேடிப் போட்டு, ஜப்பானில் இறங்கிய நாள் போல. ஆனால் இயந்திரத்துக்குச் சீன 110 சி.சி. ஒன்றைப் போட்டால் வேகம் கிடைக்குமே என்பது அவருடைய இன்னொரு யோசனை. இது ஒன்றும் புதுமை இல்லை. சீன இயந்திரங்கள் இந்த ஹொண்டா வடிவத்தையே பின்பற்றியவை, பெரிய வெட்டுக்கொத்து இல்லாமல் ஏறும். ஆனால் வெளியே தபால் வண்டி, உள்ளே சீன இயந்திரம் என்றால் அதற்குப் பெயர் வேஷம். இந்த வண்டியின் 6 வோல்ட் வயரிங்கையும் முழுக்க மாற்ற வேண்டிவரும். ஏற்கெனவே ஒத்துப்போகாத இயந்திர இலக்கத்துக்கு மேல் இன்னொரு இலக்கமும் சேரும்.

கொழும்பிலிருந்து பழைய வண்டி சேர்க்கும் ஒருவரும் கேட்டிருந்தார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை இழுபட்டதில், ஓடுகிற பழையதுக்கெல்லாம் விலை ஏறிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். இவருக்கு ஓடத் தேவையில்லை. போத்தல், சேலைன் ரியூப், துளை, துரு, எல்லாம் அப்படியே வேண்டும். துடைக்கக்கூட வேண்டாம் என்றார். ஆவணமாகப் பார்த்தால் அவர் கேட்டதில் நியாயம் உண்டு. இப்படி முழுதாக மிஞ்சிய மண்ணெண்ணெய் வண்டியை நானே அரிதாகத்தான் காண்கிறேன். ஒரு அருங்காட்சியகம் கேட்டிருந்தால் நானும் அதற்குத்தான் வாக்குப் போட்டிருப்பேன். தனி ஒருவரின் கராஜில் சுவர் அலங்காரமாக நிற்பதற்கு அந்த நியாயம் பொருந்தாது என்பது என் கருத்து. குடும்பமும் விற்க விரும்பவில்லை.

ஓட்டக்கூடிய மண்ணெண்ணெய் வண்டியாகவே வைத்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்குச் சிறிது நேரம் இருந்தது. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில், எரிபொருள் பங்கீட்டுக் கியூ.ஆர். அட்டைக்குக் கிடைத்த சில லீற்றர் போதாமல், மண்ணெண்ணெய்க்கு மாற்றித் தரச் சொல்லி இளைஞர்கள் பட்டறைக்கு வந்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியதும் அந்தப் பேச்சு அடங்கியது. அதைவிட, வருட அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை வேண்டும். இரட்டைக் கஸ்கற்றும் பெருத்த ஜெற்றுமாக இது அந்தக் குழாய்க்கு முன்னால் நிற்க முடியாது. சரி, அந்த யோசனை போயிற்று.

அம்மா சொன்ன ஆண்டு

இவ்வளவும் பேசியபோது உரிமையாளரை யாரும் கேட்கவில்லை. மகனிடம் சொல்லி அவரை அழைத்து வந்தோம். தேய்த்த வட்டத்தைக் காட்டி, எந்த நிறத்தில் இருந்த வண்டி வேண்டும் என்று கேட்டேன்.

"சிவப்பை நான் கண்டதே இல்லை தம்பி. நாங்கள் வாங்கேக்கை சாம்பல். பச்சை அடிச்சது பயத்திலை. நீலம் மட்டும்தான் அவர் விரும்பி அடிச்சது. பாதை திறந்த அடுத்த வருசம், யாழ்ப்பாணம் கொண்டு போய் அடிச்சுக்கொண்டு வந்தவர்."

வன்னியூடாக யாழ்ப்பாணம் போகும் ஏ-9 பாதை 2002 ஏப்ரலில் திறந்தது. அப்படியென்றால் 2003. இந்தக் குடும்பம் இந்த வண்டியில் பயமில்லாமல் ஓடிய காலம் அதுதான். கணவர் முன்னுக்கு மகனை நிறுத்தி, பின்னால் மனைவியை ஏற்றி நல்லூர்த் திருவிழாவுக்குப் போன படம் ஒன்றும் அவரிடம் இருந்தது. அதில் நீல வண்டியில் பின் கரியர் தெரிகிறது, பச்சையின் மிச்சம் ஒன்றும் தெரியவில்லை.

2003 என்று ஆண்டு நின்றவுடன் மற்றக் கேள்விகளுக்கு விடை தானாகவே விழத் தொடங்கியது. நிறம் நீலம். எரிபொருள் பெற்றோல். கரியர் இருக்கும். கறுப்புப் பாதிக் கண்ணாடி 2003 இல் இருந்ததா என்பதில் படம் உதவவில்லை, அம்மா "அதைக் கழட்டுங்கோ" என்றார். போத்தலும் ரியூபும் அந்த ஆண்டில் பாவனையில் இல்லை, ஆனால் கழற்றப்படவும் இல்லை. ஆகவே அவற்றைக் கழற்றி, பெயர் எழுதிய பைகளில் போட்டு, செம்பு கஸ்கற்றோடு சேர்த்துக் குடும்பத்திடமே கொடுப்பது என்று முடிவானது. திரும்பப் பூட்ட முடிகிற எதையும் கழற்றலாம், படம் எடுத்து வைத்தால் போதும். திரும்பாத வேலைகளில்தான் நான் கையை இழுத்துப் பிடிப்பேன்.

துளை அப்படியொன்று.

மகன் அதை அப்படியே விட வேண்டும் என்றார். "அண்ணை, அதுதானே வரலாறு" என்றார். அவர் சொன்னது எனக்கும் பிடித்திருந்தது என்பதை மறைக்கவில்லை. தாயார் மட்காட்டைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "உதை அடைச்சு விடுங்கோ. நான் உதுக்குப் பக்கத்திலைதான் இருக்கப் போறன்" என்றார். பின் சீற்றில் இருப்பவரின் காலுக்குப் பக்கத்தில்தான் அந்தத் துளை வரும். தம்பி, நீங்கள் ஓட்டும்போது அது உங்கள் கண்ணில் படாது என்று மட்டும் சொன்னேன். அவர் பிறகு வாதிடவில்லை. வெல்டிங்குக்கு முன்னால் தன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். தொழில்முறையிலும் அடைப்பதே சரி. அந்தத் தகடு சுமை தாங்கும் கூட்டின் பகுதி, ஒரு விரல் தள்ளி வெடிப்பு இருக்கிறது. ஆனால் அதைத் தாயாரின் விருப்பத்துக்குச் சாக்காகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. கூடு உறுதியாக இருந்திருந்தாலும் அடைத்திருப்பேன்.

வேலை

முதலில் கம்பிக் கரியரை வெட்டினோம். வெட்டுவட்டை உடம்பைத் தொடாமல் வெல்டிங் கோட்டின் நடுவில் ஓட்டி, மிச்சத்தை அரத்தால் இறக்கியது. வெடிப்பின் இரு முனையிலும் 3 மில்லிமீற்றர் துளை போட்டால் அது மேலும் ஓடாது. பிறகு உட்பக்கம் வளைவுக்கு ஏற்றபடி தட்டிய தகட்டை வைத்து, புள்ளி புள்ளியாக, ஒவ்வொரு புள்ளிக்கும் ஆறவிட்டு வெல்டிங். ஒரே மூச்சில் ஓடினால் மெல்லிய தகடு நெளிந்துவிடும். மணல் வீசி உரிப்பதையும் இதே காரணத்துக்காகத் தவிர்த்து, கையால் உரித்தோம். சீற்றுக்குக் கீழே, யாருக்கும் தெரியாத ஒரு உள்ளங்கை இடத்தில் நான்கு நிற அடுக்கும் உள்ள அந்த வட்டத்தை உரிக்காமல் விட்டு, லேக்கர் மட்டும் பூசினோம்.

கரியர் அதே அளவில், அதே கம்பியில் மறுபடி செய்யப்பட்டது. இம்முறை தபால் கரியருக்கு ஹொண்டா விட்டிருந்த ஆணித் துளைகளில் ஏறி நிற்கிறது. பார்வைக்கு 2003, பாரம் இறங்கும் வழி ஹொண்டாவின் வழி. பெரிய வண்டிச் சொக்குகள் போயின. அவை விறைப்பாக நின்று எல்லா அடியையும் கூட்டுக்கே கொடுத்ததும் வெடிப்புக்கு ஒரு காரணம்.

இயந்திரத்தில் சிலிண்டரை 0.50 மில்லிமீற்றர் பெருப்பித்து, அந்த அளவுப் பிஸ்ரனும் ரிங்கும். வெளிப்போக்கு வால்வின் கைட் மாற்றம், வால்வுகள் அரைத்து அமர்த்தல், ஒற்றைக் கஸ்கற், புதுச் செயின். வால்வு இடைவெளி 0.05, பொயின்ற் இடைவெளி 0.35 மில்லிமீற்றர். ஜெற்றை நிர்ணய அளவுக்கு மாற்றியதும் பிளக் முதல் நாளே பழுப்பு நிறத்துக்கு வந்தது. 6 வோல்ட்டை அப்படியே விட்டோம். வெளிச்சம் குறைவு என்று மகன் முணுமுணுத்தார், அது உண்மைதான். செலவில் பாதிக்கு மேல் இந்தப் பகுதிக்கே போனது. பெயின்றுக்கு எல்லோரும் பயப்படுவார்கள், அது சிறு தொகை. நீலத்தின் சரியான சாயலுக்கு ஹெட்லைற் கோப்பையின் உட்பக்கம் வெயில் படாமல் இருந்த இடத்தை மாதிரியாகக் கொடுத்துக் கலக்கச் சொன்னோம்.

இயந்திர இலக்கம்தான் இழுபட்டது. இயந்திரம் மாறியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும், பதிவுப் புத்தகமும் இன்னும் காலமான கணவரின் பெயரில் இருந்தது. இரண்டையும் ஒன்றாகக் கொடுத்ததில் ஒன்றுக்காக மற்றது காத்திருந்தது. இப்படியான வண்டி வைத்திருப்பவர்கள் திருத்த வேலை தொடங்கும் அன்றே இந்த விண்ணப்பத்தையும் தொடங்கிவிடுங்கள். பெயின்ற் காய்ந்த பிறகு தொடங்கினால் வண்டி மூடிப்போட்டுத்தான் நிற்கும்.

புகைப் பரிசோதனை முதல் தடவையிலேயே சரி. அமுக்கம் 145 இல் நிற்கிறது, ரிங் அமர்ந்தால் இன்னும் ஏறும். 500 கிலோமீற்றரில் எண்ணெய் வடித்துப் பார்த்தோம்: மண்ணெண்ணெய் மணம் இல்லை, சல்லடையில் புது ரிங் அமரும்போது வரும் மெல்லிய துகள் மட்டும். அடுத்த எண்ணெய் 1,500 இல். பின் ரயர் மட்டும் பாதித் தேய்வு. 14 அங்குலத்தில் நல்லது ஒன்று கிடைக்கும்வரை மூடை ஏற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.